ரோட்டோரம் நின்ற கம்பெனி மாமா

ஏசுபாதத்துக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. எங்கள் தெருக் கடைசியில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள், இரண்டு பேரும் இப்போது இல்லை. ஒரே தங்கை கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். இவருக்குக் கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் "எப்போ கல்யாணம்?" என்று கேட்பவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

மறைமலைநகரில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வளைக்கிற இடம். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. காதை அடைத்துக்கொண்டு கையால்தான் பேசுவார்கள். உள்ளங்கையைக் காட்டினால் நில். இரண்டு விரலை மடக்கி இழுத்தால் வா. முஷ்டியைத் தலைக்கு மேலே தூக்கினால் அச்சு இறங்குகிறது, தள்ளிப் போ. வருடக்கணக்காக அப்படியே வேலை பார்த்ததில், தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. கடையில் சோப்பு கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்து, பேசுவதையே குறைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் அவரைப் பற்றி இப்போது நல்லவிதமாகப் பேசுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார், ரோட்டுக்கு மேலே பாலம் வர அவரும் ஒரு காரணம் என்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகள் அவரை என்ன செய்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதில் பாதி நான் பார்த்தது. மீதி அவரிடமே கேட்டுக் கேட்டு வாங்கியது.

எங்கள் ஊர் மதுராந்தகம் தாண்டி, அச்சரப்பாக்கத்துக்கு முன்னால் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலை ஊரை இரண்டாக வெட்டுகிறது. வீடுகள் பெரும்பாலும் கிழக்கே, பள்ளிக்கூடம் மேற்கே. சென்னையிலிருந்து திருச்சி போகும் வண்டி எல்லாம் எங்கள் ஊர் ஒன்று இருப்பதே தெரியாமல் பறக்கும். சிக்னல் கிடையாது. காலையில் அம்மாக்கள் கத்திக்கொண்டே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். வேலைக்குச் சீக்கிரம் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து ஓடும்.

நைட் ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ், ஏசுபாதத்தைக் கிழக்குப் பக்கம்தான் இறக்கிவிடும். அவர் அறையும் கிழக்கே. இறங்குவார், தலையைக் குனிந்தபடி நடப்பார், அறைக்குள் போய்ப் படுப்பார். சாலையைக் கடக்க அவருக்குத் தேவையே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஜூலை மாதக் காலையில் பெரிய பிள்ளைகள் ஓடிவிட, என் தங்கை அனு மட்டும் ரோட்டோரம் நின்றுவிட்டாள். அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஏசுபாதத்தின் சுண்டுவிரலை அவள் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, தாண்டு" என்றாள்.

அவர் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார். "எனக்கு அந்தாண்ட வேலையில்ல பாப்பா."

"எனக்குக் கீது. ஸ்கூலு."

அவளோடு சாலையைக் கடந்தார். பள்ளி வாசலில் அவளை விட்டுவிட்டுத் திரும்பும்போது, சாலை நடுவில் இருக்கும் தடுப்பில் ஏறி, வண்டிகள் குறைந்த பிறகும் அப்படியே நின்றாராம். கடைசியாக யார் தன் கையைப் பிடித்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறார். ஞாபகம் வரவில்லை.

"மீட்டிங்ல கை குடுக்கிறாங்க, மாதா கோயில்ல கை குடுக்கிறாங்க. அது வேற" என்று என்னிடம் சொன்னார். "புடிச்சிகினு நடக்கறது வேறம்மா."

மறுநாளும் அனு காத்திருந்தாள். அடுத்து அவளோடு கலைவாணன் என்கிற பையன் சேர்ந்துகொண்டான், பிறகு அவன் தம்பி. ஆகஸ்டுக்குள் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவர் பஸ்ஸைப் பார்த்து நின்றன. அவர் பெயர் கம்பெனி மாமா ஆயிற்று. தான் ஒரு நல்ல காரியம் செய்வதாக அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகள் நின்றன, இவர் போனார்.

சிக்கல் ஷிப்ட்டில் வந்தது. அவர் கம்பெனியில் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். முதல் ஷிப்ட் வரும் வாரம் விடியும் முன்பே வேலைக்குப் போய்விட வேண்டும். அந்த வாரம் பிள்ளைகள் பழையபடி ஓடின. அவர் அங்கே தகடு வைத்துக்கொண்டே இங்கே யார் யார் தாண்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு சூப்பர்வைசரிடம் போய், எப்போதும் தனக்கு நைட் ஷிப்டே போடச் சொல்லிக் கேட்டார். நைட் ஷிப்ட் எல்லோரும் வெறுக்கிற ஷிப்ட். அன்றிலிருந்து பஸ்ஸில் அவருக்குக் கிண்டல்தான். பக்கத்து சீட்டில் வரும் லட்சுமணன் எங்கள் ஊர் மேற்குப் பக்கத்துக்காரர். அவர் கேட்டாராம்: "இன்னா அண்ணாத்த, நைட்டு கேட்டு வாங்கற ஆள இப்பதான் பாக்கறேன். வூட்ல பேயா கீது?"

பகலில்தான் தூக்கம் வருகிறது என்று சொல்லிவைத்தார். ஒரு சின்னப் பெண் விரலைப் பிடிக்கிறாள், அதற்காகத்தான் என்று பஸ் நிறைய ஆம்பிளைகளிடம் எப்படிச் சொல்வது?

பிள்ளைகளிடம் கத்தினால் பயந்துவிடுமே என்று அவர் கையாலேயே பேசினார். பிரஸ் ஷாப் பாஷை. உள்ளங்கை காட்டினால் வரிசை நிற்கும். முஷ்டியைத் தூக்கினால் எல்லாம் இரண்டடி பின்னால் போகும். ஒரு மாதத்தில் பிள்ளைகள் அதை வகுப்பிலும் ஆரம்பித்துவிட்டன. டீச்சர் பிரம்போடு வந்தால் முதல் பெஞ்சில் முஷ்டி உயரும். தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். ஏசுபாதம் விஷயத்தை விளக்க வாயைத் திறந்தார். அவர் குரல் கேட்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வந்துவிட்டன. தலைமையாசிரியை சிரித்துவிட்டார்.

அந்த அம்மாதான் ஜனவரியில் பள்ளிச் சுற்றுலாவுக்கு அவரைத் துணைக்குக் கூப்பிட்டார். மாமல்லபுரம். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு, தூங்காமல், கம்பெனிச் சட்டையோடு அப்படியே வேனில் ஏறினார். அனு சொல்வாள், மாமா கோயில் எதையும் பார்க்கவில்லை, எங்கள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று. கடல் ஓரம் அலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில், பேண்ட் நனைய, கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சங்கு மாலை விற்கிற ஒரு ஆள் வந்து கேட்டிருக்கிறார்: "இதுல உன்னுது எது?"

ஏசுபாதம் மறுபடி பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். விற்கிறவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வரும்போது பிள்ளைகள் எல்லாம் தூங்கிவிட்டன. அனு அவர் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

"எதையாவது ஒண்ணக் காட்டியிருக்கலாம்" என்று ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னார். "அவன் இன்னா ஆதார் கார்டா கேக்கப் போறான்? ஆனா கை எழும்பல."

சங்கு மாலைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் அவர் நன்றாக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். அதற்கு முன்னால் அவர் தனியாக இருந்தார், அவ்வளவுதான். தனியாக இருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்ததில்லை. வேலை, தூக்கம், ஞாயிற்றுக்கிழமை கோயில், துணி துவைப்பது. அந்த வருடம் மே மாத லீவில் பள்ளி மூடியபோது அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கினால் ரோட்டோரம் யாரும் இல்லை. அறைக்குப் போனால் தூக்கம் வரவில்லை. பிள்ளைகள் தெருவில்தான் விளையாடிக்கொண்டிருந்தன, ஆனால் லீவில் அவர்களுக்கு அவர் தேவைப்படவில்லை. அவரைப் பார்த்தால் கையசைத்துவிட்டு ஓடிவிடும். இவ்வளவு வருடம் இந்த அறையில் எப்படி இருந்தேன் என்று யோசித்ததாகச் சொன்னார்.

பள்ளி திறந்ததும் எல்லாம் சரியானது போல இருந்தது. அப்போதுதான் பஞ்சாயத்துத் தலைவர் ஞானம்பாள் அவரைத் தேடி வந்தார். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் நடை மேம்பாலம் கேட்டுத் தீர்மானம் போட வேண்டும், தினமும் அங்கே நிற்கிறவர் எழுந்து பேசினால் மேலிடத்திலிருந்து வருகிற அதிகாரிகளிடம் எடுபடும் என்றார்.

"பாலம் எதுக்குக்கா? அதான் நான் இருக்கேன்ல" என்றார் ஏசுபாதம்.

"நீ எத்தினி நாளைக்கிப்பா இருப்ப?" என்று கேட்டுவிட்டுப் போனார் ஞானம்பாள்.

கிராம சபையன்று அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. பேசப் பயம் என்று எல்லோரும் நினைத்தார்கள். காரணம் அது இல்லை. பாலம் வந்தால் பிள்ளைகள் மேலே போய்விடும். இவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அறைக்குப் போக வேண்டும். தன் வாயாலேயே அதைப் போய்க் கேட்பதா? அவர் பேசாததாலேயே தீர்மானம் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. வேறு பேச்சுகள் நீண்டுபோய், பாலம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போனது.

செப்டம்பரில் ஒரு நாள் காலை அவருக்கு மாற்றாக வர வேண்டிய ஆள் வேலைக்கு வரவில்லை. மெஷினை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, வேறு ஆள் கிடைக்கும் வரை நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கம்பெனியில் போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யாருக்கும் தகவல் சொல்ல வழியில்லை. கம்பெனி பஸ் அவர் இல்லாமல் ஊருக்கு வந்தது.

எங்கள் ஊரில் அன்று இறங்கியவர் லட்சுமணன் மட்டும்தான். அதே கம்பெனி, அதே நீலச் சட்டை. அவர் வீடு மேற்கே. தினமும் செய்கிற மாதிரியே பஸ்ஸுக்குப் பின்னால் வந்து, வண்டிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து, குறுக்கே ஓடினார். நீலச் சட்டை போவதைப் பார்த்து அனு பின்னாலேயே நடந்தாள். ஓடக்கூட இல்லை, நடந்தாள். விரலைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு போனாள் என்று கலைவாணன் சொன்னான்.

பிரேக் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நான் ஓடிப் போனபோது ஒரு பால் வண்டி சாலைக்குக் குறுக்கே திரும்பி நின்றிருந்தது. வண்டி அவள் மேல் படவில்லை. பயத்தில் விழுந்ததில் நடுத் தடுப்பில் முகவாய் மோதிக் கிழிந்திருந்தது. முன்பல் ஒன்று போய்விட்டது. லட்சுமணன் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவர் சட்டையெல்லாம் ரத்தம். "எனக்குத் தெரியாதும்மா, நான் திரும்பிப் பாக்கறதே இல்லம்மா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் ஏசுபாதம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அனுவுக்குத் தையல் போட்டுக் கூட்டிவந்திருந்தோம். அவர் வாசலிலேயே நின்றார். என் அம்மா ரெஜினா கோபத்தில் கத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அம்மா மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒம்மேல தப்பு சொல்லல அண்ணே. நீ வர்றதுக்கு முந்தி நாங்க கத்திகினு தாண்ட வெச்சோம். புள்ளைங்க பயந்துகினு தாண்டுச்சிங்க. இப்ப அதுங்களுக்குப் பயமே இல்ல. நீலச் சட்ட போனா ரோடு நின்னுடும்னு நெனச்சிகினு கீதுங்க."

அனு பாயில் படுத்தபடியே, கட்டுப் போட்ட வாயால் கேட்டாள்: "மாமா, பின்னால பாத்தா நீயாட்டமே இருந்துச்சி. ஏன் மாமா நீயா இல்ல?"

ஏசுபாதம் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுதாரா என்று தெரியவில்லை, முகம் தெருப் பக்கம் இருந்தது. அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்து நேராக ஞானம்பாள் வீட்டுக்குப் போனார்.

அக்டோபர் இரண்டு கிராம சபை பள்ளி மைதானத்தில் நடந்தது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு எல்லாம் முடிந்து ஏசுபாதத்தைக் கூப்பிட்டார்கள். மைக் கொடுத்தார்கள், அவர் வாங்கவில்லை. முன்வரிசையில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. இவர் தன்னையறியாமல் உள்ளங்கையைக் காட்டினார். மொத்த வரிசையும் ஒரே நொடியில் அடங்கியது. கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"நான் ஒரு நாள் வரல" என்றார். அந்தக் குரல் மைதானத்தைத் தாண்டி ரோடு வரைக்கும் போயிருக்கும். "ஒரே ஒரு நாள். அன்னிக்கி ஒரு குழந்த செத்துப்போயிருக்கும். ஆளை நம்பி வுடற எடம் இல்ல சார் இது. எனக்கு ஒடம்பு சரியில்லாம போவும். வேல போவும். நான் செத்தும் போவேன். ஆளே தேவையில்லாத மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்க."

அவ்வளவுதான் பேசினார். தீர்மானத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தீர்மானம் போட்டதும் பாலம் வந்துவிடாது. ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அவர் தினமும் நின்றார், ஆனால் வேறு மாதிரி. பஸ்ஸிலேயே கம்பெனிச் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, பழைய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார். முன்னால் நடக்காமல் பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்தார். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எது வேகமாக வருகிறது, எப்போது போகலாம் என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மட்டும் நிறுத்துவார். விரலை யாருக்கும் கொடுக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மாமா கோபித்துக்கொண்டார் என்று சின்னப் பிள்ளைகள் நினைத்தன. அனு இரண்டு மூன்று நாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

அந்தக் காலம்தான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். நான் ஒரு தடவை கேட்டேன், சின்னதுகளுக்காவது கை கொடுக்கலாமே என்று. "குடுத்தா எனக்கு நல்லா இருக்கும்" என்றார்.

போன ஜூனில் பாலம் திறந்தது. இரும்புப் படிகள், இரண்டு பக்கமும் கம்பி வலை. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி. முதல் வாரம் பாலத்தின் நடுவில் நின்று, கீழே ரோட்டோரம் நிற்கிற அவரைப் பார்த்து மாமா மாமா என்று கத்தின. அடுத்த வாரம் கையை மட்டும் ஆட்டின. ஜூலையில் தங்களுக்குள் பேசிக்கொண்டே ஏறி, பேசிக்கொண்டே அந்தப் பக்கம் இறங்கிவிட்டன. அனு இப்போது நான்காம் வகுப்பு. அவளுக்கு அவளுடைய சிநேகிதிகள் இருக்கிறார்கள்.

ஒருத்திகூட கீழே பார்க்கவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. அவரிடமே சொன்னேன்.

"அப்பிடித்தான் போவணும்" என்றார். "கீழ பாத்துகினு ஏறுனா படி தடுக்கும்."

நான் பிளஸ் டூ முடித்து ஒரு வருடமாகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் காலையில் ரோட்டுப் பக்கம் சும்மா நடப்பேன். அப்படித்தான் அவரோடு இவ்வளவும் பேச முடிந்தது. அவர் மறுபடி எல்லா ஷிப்டும் போகிறார். ஒரு தடவை, பிள்ளைகளைத் தாண்ட வைக்கப் போயே இருக்கக் கூடாது என்று தோன்றுகிறதா என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் எனக்கு யாரும் இல்லன்றதே தெரியாதும்மா. நல்லாத் தூங்குவேன். இப்ப தெரியுது." பிறகு, "தெரியாமயே இருந்திருக்கலாம்னு சொல்ல முடியல" என்றார்.

சில மாற்றங்களை அவர் சொல்லவில்லை, நானாகத்தான் கவனித்தேன். தங்கைக்குப் போன் செய்கிறார், ஓசூர் வரைக்கும் கேட்கிற மாதிரி. பஸ்ஸில் லட்சுமணன் தூங்கவிடாமல் பேசுகிறாராம், இவரும் பதில் சொல்கிறார். தீபாவளிக்கு லட்சுமணன் வீட்டில் சாப்பிட்டார். ஆனால் இதெல்லாம் எப்போதாவதுதான். மற்ற நாட்களில் அவர் அதே அறையில், அதே கட்டிலில்தான் இருக்கிறார்.

நைட் ஷிப்ட் வாரங்களில் பகலில் தூங்கும்போது அறைக் கதவைச் சாத்துவதில்லை. தெருச் சத்தம் எல்லாம் உள்ளே வரும், வெயிலும் வரும். தூக்கம் கெடாதா என்று அம்மா கேட்டாள். பசங்க யாராவது தண்ணி கேட்டு வந்தா கதவு தட்டத் தெரியாது, சும்மா நின்னுட்டுப் போயிடும் என்றார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் பார்ப்பேன். கதவு திறந்திருக்கும். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். பெரும்பாலும் யாரும் வருவதில்லை.